கிரே மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பாடியும் இரண்டு லென்ஸும்

மூன்று பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), டாம்ரான் 35-150 மி.மீ எஃப்/2-2.8 ஜூம், லைகா எம் மவுண்டில் (லைகா கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பில்) வரும் ஃபோக்ட்லேண்டர் நோக்டான் 50 மி.மீ எஃப்/1.2. மூன்றும் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் ஒரே இணையக் கடையில் வாங்கியவை. அந்தக் கடை எந்தக் கேமரா கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரும் இல்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. சின்ன எழுத்தில் என்றாலும் பக்கத்தின் கீழே போட்டிருந்தார்கள்.

நான் கல்யாணமும் மேடை நிகழ்ச்சிகளும் படம் எடுத்துச் சம்பாதிக்கிறவன். கேமரா ஒரு வாரம் கையில் இல்லையென்றால் எனக்கு வருமானம் இல்லை. இந்த மதிப்பீட்டை அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவருக்கு என் கணக்கில் பாதி பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன். லென்ஸின் கூர்மை, பாடியின் டைனமிக் ரேஞ்ச் இவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கினாலும் அவை இதே பொருள்கள்தான்.

சுருக்கமாக என் முடிவு: ஃபோக்ட்லேண்டரை இதே வழியில் மறுபடியும் யோசிக்காமல் வாங்குவேன். டாம்ரானை விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் வாங்குவேன். பாடியை இனி இந்த வழியில் வாங்க மாட்டேன், யாருக்கும் சிபாரிசும் செய்ய மாட்டேன்.

கிரே மார்க்கெட் என்றால் போலி என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி இல்லை. அதே தொழிற்சாலையில் செய்த அதே பொருள்தான். ஒரு நாட்டின் விநியோகஸ்தருக்கு என்று கம்பெனி அனுப்பியதை, இன்னொரு நாட்டில் அந்த விநியோகஸ்தரைத் தாண்டி யாரோ கொண்டுவந்து விற்கிறார்கள். அவ்வளவுதான். கள்ளக்கடத்தல் வேறு, திருட்டுப் பொருள் வேறு, போலி வேறு.

அப்படியென்றால் ஏன் விலை குறைகிறது? கம்பெனிகள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விலை வைக்கின்றன. நாணய மதிப்பு மாறும் வேகத்துக்கு அந்த விலைப்பட்டியல் மாறுவதில்லை. 2022 அக்டோபரில் ஒரு டாலருக்கு 150 யென்னைத் தாண்டி யென் விழுந்தது. 2024-ல் 160-ஐயும் தாண்டியது. ஜப்பானியக் கடைகளில் இருந்த விலையை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பெரிய தள்ளுபடியாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட நேரங்களில்தான் மொத்தமாக வாங்கி வெளியே அனுப்புகிறவர்கள் கிளம்புகிறார்கள். வரியில் உள்ள வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும்.

விலைக் குறைவுக்கு இன்னொரு காரணம் உண்டு. அதைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரும் தன் விலைக்குள் பழுது பார்க்கும் செலவையும் அடக்கித்தான் விற்கிறார். டாம்ரான் லென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கினால் 6 வருட வாரண்டி. அதே லென்ஸுக்கு ஜப்பானில் 1 வருடம். கண்ணாடியும் மோட்டாரும் ஒன்றுதான். கூடுதலாக இருக்கும் 5 வருடப் பொறுப்பை அமெரிக்க விநியோகஸ்தர் தன் விலையில் வைத்திருக்கிறார். கிரே கடை அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை, அதற்கான காசையும் கேட்பதில்லை. நமக்கு மிச்சமாகிற தொகையில் ஒரு பகுதி உண்மையில் நாமே நம் தலையில் ஏற்றிக்கொள்ளும் பழுதுபார்ப்புச் செலவு. இது புரிந்தால், 'எவ்வளவு மலிவு' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு 'கெட்டுப்போனால் இதை யார் திறப்பார்கள்' என்று கேட்கத் தோன்றும். நான் மூன்று பொருள்களுக்கும் மூன்று விதமாகத் தீர்ப்புச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரு கேள்விதான்.

சரி, கடைக்கு வருகிறேன்.

ஆர்டர் போட்ட அனுபவத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விற்பனைப் பக்கத்தில் 'இன்டர்நேஷனல் வெர்ஷன்', 'ஷாப் வாரண்டி' என்று இரண்டு சொற்கள் இருந்தன. கிரே கடையை அடையாளம் காண இவை போதும். 'இன்டர்நேஷனல் வெர்ஷன்' என்பது கேமரா கம்பெனி கொடுக்கும் பெயர் கிடையாது. எந்த நாட்டுக்கான பெட்டி வரும் என்று உறுதி சொல்ல முடியாத கடைக்காரர் வைத்துக்கொண்ட பெயர். பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன்: எந்த நாட்டுச் சந்தைக்கான பொருள், பெட்டி பிரிக்கப்பட்டதா, வாரண்டியில் பழுது பார்ப்பவர் யார். முதல் இரண்டுக்கும் நேரான பதில் வந்தது. மூன்றாவதற்கு 'எங்கள் சர்வீஸ் பார்ட்னர்' என்று மட்டும் வந்தது. அந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. லென்ஸ் பெட்டிகள் இரண்டும் கம்பெனி முத்திரை உடையாமல் வந்தன. பாடியின் பெட்டியில் மட்டும், தொழிற்சாலை ஒட்டிய டேப்புக்கு மேல் இன்னொரு டேப். திறந்து பார்த்திருக்கிறார்கள். கிரே வியாபாரத்தில் இது சகஜம். சார்ஜரின் பிளக் வாங்குகிறவர் நாட்டுக்குப் பொருந்தாது என்பதால் ஒரு மாற்று அடாப்டரை உள்ளே வைப்பார்கள், அதற்காகத் திறந்திருக்கலாம். கிட்டாக வந்த பாடியையும் லென்ஸையும் பிரித்துத் தனித்தனியாக விற்பதற்காகவும் திறப்பார்கள். அப்படிப் பிரித்த லென்ஸ்தான் கம்பெனிப் பெட்டி இல்லாமல் வெறும் வெள்ளைப் பெட்டியில் விலை குறைத்து வரும். அதில் தப்பில்லை, சொல்லி விற்றால். மோசமான கடைகள் இன்னொன்றும் செய்கின்றன. ஒரிஜினல் பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துத் தனியாக விற்றுவிட்டு, பெயர் தெரியாத பேட்டரியைப் பெட்டியில் வைத்துவிடுகின்றன. என் பெட்டியில் வந்தது ஒரிஜினல்தான். ஆனால் அதை நம்பி விடாமல் பார்க்க வேண்டும். கேனான் கேமராக்கள் சில, பேட்டரியோடு பேச முடியாதபோது அதில் கேனான் முத்திரை இருக்கிறதா என்று திரையிலேயே கேட்கும். மற்ற கேமராக்களில் பேட்டரி விவரப் பக்கத்தைத் திறந்து, ஆயுள் நிலை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வாரண்டி அட்டை இருந்தது. வேறொரு நாட்டு அட்டை. வாங்கிய தேதியும் டீலர் முத்திரையும் போட வேண்டிய கட்டங்கள் காலி. முத்திரை இல்லாத அட்டைக்கு அந்த நாட்டிலேயே பெரும்பாலும் மதிப்பு இல்லை. அதோடு கடை தன் பெயரில் அடித்த ஒரு சிறிய அட்டை.

பொருள் எந்தச் சந்தைக்கானது என்பதைப் பெட்டியும் உடலுமே சொல்லிவிடும். கேனானின் ஒரே கேமரா ஐரோப்பாவில் 700டி, வட அமெரிக்காவில் ரெபல் டி5ஐ, ஜப்பானில் கிஸ் எக்ஸ்7ஐ என்று மூன்று பெயர்களில் விற்றது. முன்பக்கப் பெயரே ஊர் சொல்லும். அமெரிக்காவுக்கென்று இறக்கிய நிக்கான் லென்ஸ்களில் சீரியல் எண்ணுக்கு முன்னால் 'யுஎஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். சோனி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஜப்பான் சந்தைக்கென்று வந்த பல சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும், மாற்ற வழி இருக்காது. புகைப்படம் மட்டும் எடுப்பவர் பழகிக்கொள்ளலாம் என்பார்கள். மேடையில் விளக்கு மாறும் அவசரத்தில் மெனுவைத் தேடுகிறவனிடம் அதைச் சொல்லக் கூடாது.

வீடியோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொடர்ச்சியாக 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கேமராவை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்க வரி போட்டுக்கொண்டிருந்தது. அதைத் தவிர்க்கத்தான் பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றன. பானாசோனிக் ஜிஎச்4-ல் ஐரோப்பாவுக்கான பாடிக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டு, அமெரிக்காவுக்கானதற்குக் கிடையாது. பழைய மாடல்கள் சிலவற்றில் நொடிக்கு 25, 50 பிரேம் என்ற தேர்வே இல்லாமல் 30, 60 மட்டும் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் குழல் விளக்கின் கீழே படம் துடிக்கும். செகண்ட் ஹேண்டில் கிரே பாடி தேடுகிறவர்களுக்கு இது முக்கியம். இன்றைய பாடிகள் பெரும்பாலானவற்றில் இதை மெனுவில் மாற்றிக்கொள்ளலாம்.

சுங்க வரியைப் பற்றிச் சுருக்கமாக: வரியும் சேர்த்த விலையா, பார்சல் வந்தபின் நாம் கட்ட வேண்டுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். 'பரிசுப்பொருள் என்று போட்டு அனுப்புகிறோம், மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறோம்' என்று கடை சொன்னால் விலகிவிடுங்கள். பொய்க் கணக்குச் சொல்வது அவர்கள், சுங்க அதிகாரி முன்னால் நிற்பது நீங்கள். பார்சல் தொலைந்தால் கிடைக்கும் காப்பீடும் அந்தக் குறைத்துக் காட்டிய மதிப்புக்குத்தான்.

அடுத்தது சோதனை. கிரே பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் அதைக் கசக்கிப் பிழிந்துவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கியவருக்கு ஒரு வருடம் கழித்தும் வழி உண்டு, நமக்கு அந்தச் சில நாள்கள்தான். பாடியில் லென்ஸ் மூடியைப் போட்டு நீண்ட எக்ஸ்போஷர் எடுத்துச் செத்த பிக்சல்களைப் பார்த்தேன். எல்லாப் பட்டன்கள், இரண்டு கார்டு ஸ்லாட், ஹாட் ஷூவில் ஃபிளாஷ், யுஎஸ்பி வழியாகச் சார்ஜ், வைஃபை, கார்டு நிறையும்வரை தொடர் ஷூட்டிங், முழு பேட்டரி தீரும்வரை வீடியோ. லென்ஸ்களை ஒரு தட்டையான செங்கல் சுவருக்கு நேராக டிரைபாடில் வைத்து, முழு அபர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளையை முழுசாகத் திறந்து) எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிட்டேன். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். ஜூமில் இதை 35-லும் 150-லும் இடையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் சரியாக இருந்து மறுமுனையில் விலகுவது உண்டு. மூன்றும் தேறின. அன்றைக்கு இந்த மதிப்பீட்டை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

கோளாறு பிறகு வந்தது, திருப்பிக் கொடுக்கும் காலம் தாண்டி, கடை வாரண்டிக் காலத்துக்குள். பாடியின் இரண்டாவது கார்டு ஸ்லாட் சில நேரம் கார்டைப் படிக்க மறுத்தது. கார்டை எடுத்துப் போட்டால் சரியாகும், மறுபடி மறுக்கும். வேறு கார்டுகளிலும் அதே கதை. கல்யாணம் எடுப்பவர்களுக்கு இரண்டாவது ஸ்லாட் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கார்டு போனாலும் தாலி கட்டும் நொடி இன்னொரு கார்டில் இருக்கும் என்ற தெம்பில்தான் நாங்கள் வேலைக்கே போகிறோம்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்க ஏரியா பாடி இல்ல. வாரண்டி கிடையாது" என்றார். அது எனக்குத் தெரியும், காசு கொடுத்துச் செய்துகொள்ளத்தான் வந்தேன் என்றேன். "காசு கொடுத்தாலும் எடுக்க முடியாது சார். சிஸ்டத்துல ஜாப் ஓப்பன் ஆகாது." அவர் மேல் தப்பில்லை. வெளியில் நம்பகமான பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். ஸ்லாட் தனியாக வராது, மெயின் போர்டோடு வரும், போர்டைக் கம்பெனி தனக்கு விற்காது, பழைய பாடியிலிருந்து எடுத்துப் போட்டாலும் அதைப் பாடியோடு பொருத்திச் சரிசெய்யும் மென்பொருள் தன்னிடம் இல்லை என்று கையை விரித்தார்.

கடைசியில் கடைக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. இங்கேதான் அந்த 'சர்வீஸ் பார்ட்னர்' யார் என்ற கேள்வி திரும்பி வந்தது. அனுப்பும் செலவு என்னுடையது. பேட்டரி வைக்காமல் அனுப்பச் சொன்னார்கள். லித்தியம் அயான் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரலிலிருந்து தடை இருக்கிறது, கூரியர்கள் கெடுபிடியாக இருப்பார்கள். பழுதுபார்க்க வெளியே போய்த் திரும்பி வரும் பொருள் என்று சுங்கத்தில் முறையாகக் காட்டவில்லை என்றால், திரும்பி வரும்போது புதுப்பொருளுக்கு மாதிரி மறுபடி வரி விழும். அதற்கான தாள்களைத் தயார்செய்ய ஒரு முழு நாள் போயிற்று. பாடி திரும்பி வரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் ஒப்புக்கொண்டிருந்த வேலைகளுக்கு வாடகை பாடி எடுத்தேன். கிரே மார்க்கெட்டில் மிச்சமான தொகையில் பெரும்பகுதி அந்த வாடகைக்கே போயிற்று.

கடை தன் வாக்கைக் காப்பாற்றியது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழுது பார்த்துத்தான் அனுப்பினார்கள், காசு கேட்கவில்லை. ஸ்லாட் இப்போது வேலை செய்கிறது. ஆனால் என்ன மாற்றினார்கள், யார் மாற்றினார்கள், போட்ட பாகம் புதிதா என்று ஒரு வரி கூட எழுத்தில் இல்லை. கேட்டால் 'சரிசெய்யப்பட்டது' என்ற பதில். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில்லில் பாகத்தின் எண் வரும், செய்த வேலைக்குத் தனி வாரண்டி வரும். எனக்கு அது இல்லை. இப்போது அந்தப் பாடியை மேடை நிகழ்ச்சிகளில் இரண்டாவது கேமராவாக மட்டும் வைத்திருக்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் என் கையில் அது இருக்காது.

என்னுடைய பாடிக்கு நடந்தது ஏதோ ஒரு இடத்தின் கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நிக்கான் இதை வெளிப்படையாகவே கொள்கையாக வைத்திருக்கிறது: தன் வழியாக இறக்குமதியாகாத கேமராவை, காசு கொடுத்தாலும் பழுது பார்க்காது. அங்கே 2012-ல் தனிப்பட்ட பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரிப் பாகம் விற்பதை நிறுத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற தனியார் பழுதுபார்ப்புக் கடைகளுடன் இருந்த ஒப்பந்தங்களையும் 2020 மார்ச்சோடு முடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்தது. எல்லாக் கம்பெனிகளும் எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. வாரண்டி தராமல், காசு வாங்கிக்கொண்டு செய்துகொடுக்கும் இடங்களும் உண்டு. ஒரே கம்பெனிக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று நம்பாமல் நீங்களே கேட்க வேண்டிய விஷயம் இது.

கம்பெனியே தன் தவறை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்யும் சந்தர்ப்பங்களையும் யோசியுங்கள். நிக்கான் டி600-ல் சென்சாரில் புள்ளிகள் விழும் பிரச்சினைக்கு, 2014 பிப்ரவரியில், வாரண்டி முடிந்த பாடிகளுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். இந்த மாதிரிச் சலுகை எல்லாம் அந்தந்த நாட்டு சர்வீஸ் சென்டர் வழியாகத்தான் கைக்கு வரும். அந்தக் கவுன்டரிலேயே நம் சீரியல் எண் செல்லாது என்றால் என்ன செய்வது?

டாம்ரானுக்கு வருகிறேன். அருமையான லென்ஸ், அதைப் பற்றிக் குறையே இல்லை. ஒரு கிலோவுக்கு மேல் கனம், ஆனால் மேடைக்கு இரண்டு லென்ஸ் தூக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. உடலிலேயே யுஎஸ்பி-சி துளை இருக்கிறது. ஃபர்ம்வேரை, அதாவது லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருளை, நாமே கணினியில் இணைத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம், எந்த நாட்டு லென்ஸ் என்று அது கேட்பதில்லை. இதுவரை பழுது இல்லை. ஆனால் உள்ளே லீனியர் மோட்டார், மின்சுற்று எல்லாம் உண்டு. அவற்றில் ஒன்று போனால் பாடிக்கு ஆன கதைதான் இதற்கும். லென்ஸ்கள் பாடிகளைவிடக் குறைவாகவே பழுதாகின்றன என்பது என் தொழிலில் நான் பார்த்தது, அதனால் இதை நடுவில் வைக்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட விலைக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம், ஒரு முறை மோட்டார் மாற்றும் செலவைவிடக் குறைவாக இருந்தால் கிரே வேண்டாம். உங்கள் ஊரில் நீண்ட வாரண்டி தருகிறார்கள் என்றால், வித்தியாசம் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

ஃபோக்ட்லேண்டரைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம். கோசினா ஜப்பானில் செய்யும் லென்ஸ். எம் மவுண்டில் வரும் இந்த 50-ல் மோட்டார் இல்லை, மின்தொடர்பு இல்லை, ஸ்டெபிலைசேஷன் இல்லை. கண்ணாடி, உலோகம், ஃபோகஸ் வளையத்தை நகர்த்தும் திருகுமறை, 12 இதழ் அபர்ச்சர். அடாப்டர் போட்டு எந்த மிரர்லெஸ் பாடியிலும் மாட்டலாம். இதில் என்ன கெட்டுப்போகும்? பல வருடம் கழித்து கிரீஸ் உலரும், அபர்ச்சர் இதழில் எண்ணெய் படியலாம், கீழே விழுந்தால் நசுங்கும். முதல் இரண்டையும் பழைய லென்ஸ் கழற்றத் தெரிந்த எந்த நல்ல பழுதுபார்ப்பவரும் கம்பெனி மென்பொருள் எதுவும் இல்லாமல் சரிசெய்துவிடுவார். தாத்தா காலத்துச் சைக்கிளைப் போல, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை போதும். மூன்றாவதற்கு எந்த வாரண்டியும் எப்படியும் வராது. ஆக, இங்கே மிச்சமாவது உண்மையான மிச்சம். நாம் விட்டுக்கொடுப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. டிரைபாட், கண்ணாடி ஃபில்டர், மேனுவல் ஃபிளாஷ் போன்றவற்றையும் நான் இதே வரிசையில் வைப்பேன். மெமரி கார்டையும் பேட்டரியையும் மட்டும் வைக்க மாட்டேன். அந்த இரண்டிலும் கிரே என்ற பெயரில் சுத்தப் போலியே நிறையப் புழங்குகிறது. போலி பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று இல்லாவிட்டால் அது நெருப்பு சமாச்சாரம்.

இது சட்டப்படி சரியா என்று பலர் கேட்கிறார்கள். நாட்டுக்கு நாடு பதில் வேறு. ஐரோப்பிய நீதிமன்றம் 1998-ல், சில்வெட் என்ற மூக்குக் கண்ணாடிச் சட்டக் கம்பெனியின் வழக்கில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே விற்ற பொருளை உள்ளே கொண்டுவந்து விற்பதை வணிகமுத்திரை உரிமையாளர் தடுக்கலாம் என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் 2012-ல், சாம்சங் பிரிண்டர்கள் பற்றிய வழக்கில், இறக்கி விற்கலாம், ஆனால் கம்பெனி வாரண்டி இதற்குக் கிடையாது என்று கடையில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ல், வெளிநாட்டில் சட்டப்படி அச்சான பாடப் புத்தகங்களை இறக்கி விற்ற மாணவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவை எல்லாம் விற்பவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கான பதில்கள். சர்வீஸ் கவுன்டரில் நிற்கிற நமக்கு எந்தத் தீர்ப்பும் கை கொடுப்பதில்லை. டெல்லி தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, கடைக்காரர் வாயால் சொல்லாமல் எழுதி வைக்க வேண்டும் என்றதுதான். எல்லா ஊரிலும் அப்படி இருந்தால் பாதிச் சண்டை இருக்காது.

பொழுதுபோக்காக எடுப்பவருக்கு, பாடி சில வாரம் இல்லாமல் போவது எரிச்சல்தான், நஷ்டம் இல்லை. அவர் பாடியைக்கூட கிரேயில் வாங்கிப் பார்க்கலாம், கெட்டால் அந்தத் தொகை போனது போனதுதான் என்று தாங்க முடிந்தால். ஆனாலும் ஒன்று: இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிட்டு அடுத்த மாடலுக்குப் போகிறவரா நீங்கள்? வாங்க வருபவர் முதலில் கேட்பது உள்ளூர் பில்லும் வாரண்டி அட்டையும்தான். இரண்டும் இல்லையென்றால் விலையைக் குறைப்பார். வாங்கும்போது மிச்சமானது விற்கும்போது திரும்பிப் போய்விடும். உபகரணத்துக்குக் காப்பீடு எடுப்பவர்களும் பாலிசியில் கிரே பொருளுக்கு இடம் உண்டா, எந்த மதிப்பில் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

பணம் குறைவு என்பதுதான் காரணம் என்றால், கம்பெனியே சரிபார்த்து விற்கும் ரிஃபர்பிஷ்டு பாடிகளைப் பாருங்கள். அல்லது உள்ளூர் பில்லோடு ஒரு தலைமுறை பழைய பாடியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். சீரியல் எண் உள்ளூருடையதாக இருந்தால், வாரண்டி முடிந்திருந்தாலும் காசு கொடுத்துப் பழுது பார்க்க ஓர் இடம் இருக்கும். புதிய கிரே பாடியைவிட அது எனக்கு நிம்மதி. என் அடுத்த பாடியை அப்படித்தான் வாங்கினேன்.

இந்தக் கடையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்வதானால்: சொன்ன பொருளை அனுப்பினார்கள், பேக்கிங் நன்று, கடிதத்துக்குப் பதில் போட்டார்கள், வாரண்டியை மதித்தார்கள். பழுதுபார்ப்பு விவரத்தை எழுதித் தராதது பெரிய குறை. கிரெடிட் கார்டில் பணம் வாங்கியது நல்லது; தவறான பொருள் வந்திருந்தால் வங்கி வழியாகத் திரும்பக் கேட்க முடிந்திருக்கும். நேரடி வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் என்று சொல்லும் கிரே கடைக்கு நான் போக மாட்டேன், விலை எவ்வளவு இறங்கினாலும்.

பாடி வாங்கத்தான் போகிறேன் என்று முடிவு செய்தவர்கள், பணம் கட்டும் முன் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சலில் இதைக் கேளுங்கள்: வேறு நாட்டுச் சந்தைக்கான இந்த மாடலைக் கட்டணத்துக்குப் பழுது பார்ப்பீர்களா, உதிரிப் பாகம் தருவீர்களா, கம்பெனி இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தால் இந்தப் பாடியையும் சேர்த்துக்கொள்வீர்களா? தொலைபேசியில் கேட்க வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும். மூன்றில் முதல் கேள்விக்கே 'இல்லை' என்று வந்தால், கடைப் பக்கத்தில் தெரியும் விலையோடு உங்கள் ஊரில் பாடி வாடகை என்ன என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.